காலத்துக்குப் பெயர் வைத்தவர்கள்

சபையோருக்கு வணக்கம். சித்திரம் படிக்கிற பிள்ளைகளும் அம்மா அப்பாமாருமாக இத்தனை பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலை வரலாறு கேட்கத் திருகோணமலையில் கூடியிருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மேடையில் ஏறமுதல் ஒரு பிள்ளையின் உயர்தரச் சித்திரக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். குகை ஓவியம், எகிப்து, கிரேக்கம், உரோம், கோதிக், மறுமலர்ச்சி, பரோக், மனப்பதிவுவாதம், கியூபிசம் என்று சிவப்புப் பேனையால் கோடு போட்டு அழகாக அட்டவணை எழுதியிருக்கிறார். பாடமாக்கத்தான் வேண்டும், பரீட்சைக்கு வேறு வழியில்லை. சரி, இந்தப் பெயர்களை யார் வைத்தது என்று கேட்டேன். பிள்ளை யோசித்துக்கொண்டே நின்றார். இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

குகை ஓவியங்களில் சிக்கல் இல்லை. பிரான்சின் ஷோவே குகையில் 30,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய சிங்கங்களும் காண்டாமிருகங்களும் இருக்கின்றன. 1994இல் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவருடைய பெயரைத்தான் குகைக்கு வைத்தார்கள், வரைந்தவரின் பெயர் யாருக்குத் தெரியும்? ஆனால் கோதிக் என்பது வசைச்சொல். 1140களில் பாரிசுக்குப் பக்கத்தில் சென் தெனி தேவாலயத்தில் தொடங்கி, வண்ணக் கண்ணாடி வழியாக ஒளியைக் கல்லுக்குள் இறக்கிய அந்தக் கட்டடக் கலையை, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி போன்றவர்கள் உரோமைச் சூறையாடிய கோத் இனத்தாரின் காட்டுமிராண்டி வேலை என்று இகழ்ந்தார்கள். இகழ்ந்தவர்கள் தங்கள் காலத்தை மறுபிறப்பு, அதாவது மறுமலர்ச்சி, என்று சொல்லிக்கொண்டார்கள். இரண்டு பெயரும் அப்படியே நிலைத்துவிட்டன.

பரோக்குக்கு வருவோம், இது நம் ஊரைத் தொடுகிற இடம். பரோக் என்ற சொல் கோணல்மாணலான முத்தைக் குறித்த போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். 1622 முதல் 1625 வரை உரோமில் பெர்னினி என்ற சிற்பி ஒரு பளிங்குச் சிலை செய்கிறார். துரத்தி வந்த கிரேக்கக் கடவுள் அப்பலோவின் கை படும்போதே டாஃப்னி என்ற பெண் மரமாக மாறுகிறாள், விரல் நுனிகளில் இலை முளைக்கிறது, கல் அவ்வளவு மெல்லியதாக நிற்கிறது. நான் மனதார நேசிக்கிற சிலை அது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் போர்த்துக்கேயர் இங்கே கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். ஒரே காலம், ஒரே ஐரோப்பா. அட்டவணையில் பரோக் என்று எழுதும் நம் பிள்ளைகள் பக்கத்தில் இதையும் எழுதவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

மனப்பதிவுவாதமும் கேலிப் பெயர்தான். பிரான்சின் லு ஆவ்ர் துறைமுகத்தில் சூரியன் எழுவதை மொனே வரைந்தார். 1874 கண்காட்சியில் அதைப் பார்த்த லூயி லெருவா என்ற பத்திரிகையாளர் வெறும் மனப்பதிவு என்று கிண்டலடித்தார். நம் உட்துறைமுகத்தில் விடியற்காலை நின்றவர்களுக்கு அந்த ஓவியத்தில் கிண்டலுக்கு என்ன இருக்கிறது என்றே விளங்காது. இன்னொன்று, 1841இல் தகரக் குழாயில் வர்ணம் அடைக்க வழி வந்திருக்காவிட்டால் அவர்கள் இப்படி வெளியில் போய் வரைந்திருப்பது கடினம்.

நம் பக்கத்தில் காலங்களுக்கு அரச வம்சங்களின் பெயர். பல்லவர், சோழர், நாயக்கர். 1950இல் இங்கே கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய கோயிலின் சந்திரசேகரர், பார்வதி முதலான செப்புத் திருமேனிகள் வெளியே வந்தன. சோழர் காலக் கலை என்கிறோம், சரி. ஆனால் மெழுகில் உருப்பிடித்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றியவர் சோழ மன்னர் இல்லையே! அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அதனால் ஓர் அச்சில் ஒரே ஒரு சிலை. அந்தக் கையின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை, அது எனக்கு ஆறாத குறை.

அப்புறம், சோழர் என்றதும் சைவம் என்று மட்டும் எழுதிவிடுகிறோம். பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரைக்குப் போய்ப் பாருங்கள். அது பௌத்தப் பள்ளி, சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றது. அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் நிற்கின்றன. எந்தக் கட்டத்துக்குள் அதை அடைப்பீர்கள்?

கோட்டை வாசலில் மான்களைப் பார்க்க நிற்கிறோம். அதே வாசல் கல்லில் இரட்டை மீனும், குளக்கோட்டன் என்ற அரசன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று பாடும் தமிழ்ச் செய்யுளும் இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது பென்சிலும் தாளும் கொண்டுபோங்கள். கோடுகள் தேய்ந்துவிட்டன, கிட்ட நின்று பொறுமையாகப் பார்த்தால்தான் மீன் பிடிபடும். முதலில் வாலை வரையுங்கள், அது சுலபம்.