வஹாகாவில் கொசுறுக்கு என்ன பெயர்?

வணக்கம். நோட்டீசில் "மெக்சிகோ பயண அனுபவங்கள்" என்று போட்டிருக்கிறார்கள். நான் பார்த்தது அவ்வளவு பெரிய மெக்சிகோ இல்லை, அதன் தெற்கில் ஒரே ஓர் ஊர், அந்த ஊரிலும் சந்தைகளைத்தான். பன்னிரண்டு நாளில் ஒன்பது நாள் சந்தையிலேயே போய்விட்டது என்று சொன்னதற்கு வீட்டில், "அதற்கு கோயம்பேட்டுக்கே போயிருக்கலாமே" என்றார்கள். அதுவும் சரிதான்.

ஊர் பெயர் வஹாகா. எழுத்தைப் பார்த்துப் படித்தால் ஓக்ஸாகா என்று வரும், அப்படிச் சொன்னால் டாக்சிக்காரர் சிரிப்பார். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே, மலைகளுக்கு நடுவில் இருக்கிற பழைய ஊர். நகரத்துக்குள் பெரிய சந்தைகள் உண்டு. சுற்றியுள்ள ஊர்களுக்கு நம் வாரச் சந்தை மாதிரி கிழமை முறை உண்டு. புதன் எத்லா, வியாழன் சாச்சீலா, வெள்ளி ஓகோத்லான், சனி வஹாகா நகரம், ஞாயிறு த்லகோலூலா. மலினோவ்ஸ்கி என்ற பெரிய மானிடவியல் அறிஞர் 1940-லும் 41-லும் இந்தச் சந்தைகளை ஆராயத்தான் இங்கே வந்து தங்கியிருந்தார். நான் ஆராயப் போகவில்லை, சாப்பிடப் போனேன்.

முதல் நாள் பெனிட்டோ ஹுவாரெஸ் சந்தைக்குள் நுழைந்ததும் ஓர் அம்மா என்னைப் பார்த்து "குவேரோ, குவேரோ" என்று கூப்பிட்டார். அர்த்தம் கேட்டால் "வெள்ளைக்காரா" என்பது போல. என் நிறம் உங்களுக்கே தெரியும். அப்புறம்தான் புரிந்தது, அங்கே வாங்க வருகிறவர் எல்லோருமே குவேரோதான், நம் ஊரில் யார் வந்தாலும் "வாங்க சார்" என்பது போல. இரண்டு மூன்று நாள் அதே கடைக்குப் போனால் "மார்ச்சாந்தே" ஆகிவிடுவீர்கள். வாடிக்கைக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் விற்பவரையும் வாங்குபவர் அப்படியே கூப்பிடலாம். இரண்டு பக்கமும் ஒரே சொல், எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

எலுமிச்சையையும் மிளகாயையும் கூறு கட்டி வைத்திருக்கிறார்கள். கூறில் விலை குறைப்பது அரிது, நான் கேட்டுப் பார்த்து அசடு வழிந்தேன். ஆனால் பணம் கொடுத்துவிட்டு "பிலோன்?" என்று கேட்டால், ஒரு சிரிப்போடு இன்னும் இரண்டு மிளகாயை எடுத்துப் போடுகிறார்கள். பிலோன் என்றால் கொசுறு! நான் ஸ்பானிய மொழியில் உருப்படியாகக் கற்றுக்கொண்ட முதல் சொல் அதுதான்.

அந்தச் சந்தையைத் தாண்டினால் நவம்பர் 20 சந்தை. 1910-ல் புரட்சி தொடங்கிய தேதி அது. அதற்குள் ஒரு சந்து முழுக்கப் புகை. இரண்டு பக்கமும் கரி அடுப்பு, அதற்கு மேலே அகலமாக, மெல்லிசாக அரிந்த மாட்டிறைச்சி. தசாஹோ என்கிறார்கள், துணி காயப்போட்ட மாதிரி தொங்கும். பக்கத்திலேயே மிளகாய் தடவிய பன்றி இறைச்சி. இங்கே உட்கார்ந்து மெனு கார்டு கேட்கக் கூடாது. ஒருவரிடம் இறைச்சி எடை போட்டு வாங்க வேண்டும், வெங்காயமும் பச்சை மிளகாயும் இன்னொருவரிடம், மக்காச்சோள ரொட்டியான தோர்த்தியா, கூடையோடு வருகிற வேறு ஓர் அம்மாவிடம், எல்லோருக்கும் தனித்தனியாகக் காசு. இறைச்சி வெந்து கொண்டிருக்கும்போதே அதே கரியில் தாள் வெங்காயத்தையும் மிளகாயையும் சுட்டுத் தருவார்கள். கண்ணில் தண்ணீர், மூக்கில் புகை, கையில் நெய் வடிகிறது, மேசையில் என்னோடு உட்கார்ந்திருந்த குடும்பத்தின் பாட்டி ஒன்றும் கேட்காமல் என் தட்டில் ஒரு எலுமிச்சையைப் பிழிந்துவிட்டார். அவ்வளவு நாளில் சாப்பிட்டதில் அதுதான் முதல் இடம். சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், மொச்சை வேகவைத்து மசித்த மாதிரி பீன்சும், நூல் உருண்டை போலச் சுற்றிய கேசியோ என்கிற பாலாடைக்கட்டியும் உண்டு. ஒன்று மட்டும், பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசலில் கூடை கூடையாகச் சிவப்பாக ஏதோ இருந்தது. காய்ந்த மிளகாய் என்று நினைத்துக் கிட்டே போனால் கால்கள் தெரிகின்றன. வெட்டுக்கிளி! பூண்டு, எலுமிச்சை, உப்பு போட்டு வறுத்தது. கூட வந்த நண்பர் முகத்தைச் சுளித்தார். ஈசலைப் பொரியோடு வறுத்துத் தின்ற ஊர்க்காரன் நான், எனக்கென்ன? ஒரு கைப்பிடி போட்டுப் பார்த்தேன். முதலில் புளிப்பு, அப்புறம் மொறுமொறுப்பு, கடைசியில் பல்லிடுக்கில் ஒரு கால்.

சாக்லேட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் என்னை விடமாட்டீர்கள். சந்தைக்குத் தெற்கே மீனா தெருவில் வரிசையாக மில்கள். நாம் மாவு மில்லுக்குத் தூக்குவாளியோடு போகிற மாதிரி அங்கே கொக்கோ அரைக்கப் போகிறார்கள். வறுத்த கொக்கோ இத்தனை, பட்டை இத்தனை, பாதாம் இத்தனை, சர்க்கரை இத்தனை என்று வாங்குபவர் சொல்லும் அளவில் போட்டு அரைத்துத் தருகிறார்கள். மில்லின் வாயிலிருந்து வெதுவெதுப்பாக, பளபளவென்று கூழ் இறங்குகிறது. அதை உருட்டிக் காயவைத்து, சுடு தண்ணீரிலோ பாலிலோ கரைத்து, மத்துப் போன்ற ஒரு கட்டையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் உருட்டி நுரை எழுப்பிக் குடிக்கிறார்கள். தின்னும் பண்டம் இல்லை, குடிக்கும் பண்டம்.

மிளகாய், தக்காளி, கொய்யா, சப்போட்டா எல்லாம் அந்தக் கண்டத்திலிருந்து கப்பலேறி நம்மிடம் வந்தவை என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படிக்காத ஒன்று, அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில் அந்தப் பழவகைக்கு த்சபோத்ல் என்று பெயர், நம் சப்போட்டா அதிலிருந்து வந்தது. வஹாகாவின் பூர்வகுடிகளான ஜபோதெக் மக்களின் பெயருக்கும் அதே வேர். சப்போட்டா விளைகிற இடத்துக்காரர்கள். நான் இதைச் சொன்னதும் பழக்கடைப் பெண் ஒரு சப்போட்டாவைக் கொசுறாகவே கொடுத்தார்.

இனி கைவினை. சான் பார்த்தோலோ கோயோதெபெக் ஊரின் கறுப்பு மண்பாண்டம் கடை கடையாக இருக்கிறது. அங்கே தோன்யா ரோசா என்ற குயவர் 1950-களில், சுடுவதற்கு முன் படிகக் கல்லால் தேய்த்தால் பானை கண்ணாடி போல மின்னும் என்று கண்டுபிடித்தார். அதுவரை சாம்பல் நிறக் குடங்கள்தான். மின்னுகிற பானையில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கசியும். மரத்தில் செதுக்கிய வண்ண மிருகங்களும் உண்டு, அழகுதான், எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது தெயோதித்லான் கிராமத்துக் கம்பளி விரிப்பு. ஒரு நெசவாளர் வீட்டு முற்றத்தில், சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைத் திட்டாக ஒட்டியிருந்த ஒரு பூச்சியை எடுத்து என் உள்ளங்கையில் நசுக்கினார். கருஞ்சிவப்பு. அதில் எலுமிச்சை பிழிந்தார், ஆரஞ்சாகிவிட்டது. சோடா உப்பைத் தூவினார், ஊதாவுக்குப் போய்விட்டது. கொச்சினீல் என்கிற சாயம் இதுதான். ஒரு கிலோ உலர்ந்த பூச்சிக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூச்சிகள் வேண்டும். ஸ்பெயின் ஆண்ட காலத்தில் வெள்ளிக்கு அடுத்த பெரிய ஏற்றுமதி, அதனால் உயிரோடு வெளியே போகாமல் பொத்திப் பொத்திக் காத்தார்கள்.

இதில் நம் சைதாப்பேட்டை வருகிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி வைத்தியர், இந்தச் சிவப்பை மெட்ராசிலேயே எடுத்துவிடலாம் என்று அங்கே ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். கள்ளி வளர்ந்தது. பூச்சிதான் கிடைக்கவில்லை. கடைசியில் 1795-ல் பிரேசிலிலிருந்து கொல்கத்தாவுக்குப் பூச்சி வந்தது, எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. ஆனால் வந்தது வேறு இனம், காட்டுப்பூச்சி. சாயம் மட்டம், கள்ளியைத் தின்பதில் மட்டும் கெட்டி.

கம்பெனியே ஏமாந்தது, நான் எம்மாத்திரம்? அந்த நெசவாளரிடம் விலை கேட்டு, அதிகம் என்று நினைத்து, நகரத்துக்குத் திரும்பி ஒரு கடையில் அதே சிவப்பு என்று பாதி விலைக்கு ஒரு விரிப்பு வாங்கினேன். எலுமிச்சை பிழிந்து பார்க்கத் தோன்றவே இல்லை, பையில் எலுமிச்சை இருந்தது. ஊருக்கு வந்து முதல் தடவை அலசியபோது பக்கெட்டில் என் வெள்ளை வேட்டியும் கிடந்தது. இப்போது அது ரோஸ் வேட்டி. நல்ல ரோஸ்தான், போட்டுக்கொண்டு வரலாமா என்று யோசித்தேன், வீட்டில் விடவில்லை.