படிவயல் பார்க்கப் போவது பாடம்தான், அண்ணாச்சி!

நடுவர் ஐயா அவர்களுக்கும், பொங்கல் அலுப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் அம்பாசமுத்திரத்து மக்களுக்கும் வணக்கம். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல் வயல்களைப் பார்க்கப் போவது பாடமா, வேடிக்கையா என்பது தலைப்பு. வேடிக்கைதான் என்று எதிரணி அண்ணாச்சி அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பாலித் தீவில் தெகலாலாங் வயலுக்கு மேலே ஊஞ்சல் கட்டி, காசு வாங்கிக்கொண்டு போட்டோ எடுக்க விடுகிறார்கள், அங்கே போய் எவன் விவசாயம் கற்றான் என்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். சரி, ஊஞ்சல் உண்மைதான். ஆனால் சிப்ஸ் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புகிற ஆளை வைத்தா குற்றாலத்து அருவியை எடை போடுவது?

ஊஞ்சலை விட்டு இறங்கி வரப்பில் நடக்கச் சொல்லுங்கள். வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் குறுக்கே ஒரு மரக்கட்டை கிடக்கும், அதில் அகலமாக ஒரு வாய், குறுகலாக ஒரு வாய் வெட்டியிருக்கும். வாயின் அகலம்தான் பங்கு. தண்ணீர் பாதியாகக் குறைந்தாலும் எல்லாருக்கும் ஒரே கணக்கில்தான் குறையும், ராத்திரி மண்வெட்டியோடு காவல் கிடக்க வேண்டியதில்லை. (இதைக் கேட்டதும் முன் வரிசையில் இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள், எனக்குத் தெரிகிறது.)

ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் சேர்ந்த இந்த அமைப்புக்கு அங்கே சுபக் என்று பெயர். யுனெஸ்கோ 2012-ல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. யார் எப்போது நடுவது, யார் எப்போது வயலைச் சும்மா போடுவது என்பதை நீர்க்கோயிலில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். ஆனால் தண்ணீர் முதலில் வருவது மேல்மடைக்காரனுக்கு. அவன் ஏன் கீழே இருப்பவனுக்கு ஒழுங்காக விடுகிறான்? சாமிக்குப் பயந்து மட்டுமா? ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானுடவியலாளர் இதைத்தான் துருவினார். கீழே இருப்பவனுக்குத் தண்ணீர் கிடைக்காமல் அவன் பிந்தி நட்டால், மேலே அறுவடை முடியும்போது கீழே பச்சை நிற்கும். எலியும் பூச்சியும் அங்கே போய்ப் பெருகி, அடுத்த போகத்துக்கு மேலே ஏறி வரும். சேர்ந்து நட்டு, சேர்ந்து அறுத்து, சேர்ந்து சும்மா போட்டால் பூச்சிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. ஆக, தண்ணீர் மேல்மடைக்காரன் கையில், பூச்சி கீழ்மடைக்காரன் கையில்!

1970-களில் புது ரக விதையைக் கொடுத்து, கோயில் கணக்கெல்லாம் வேண்டாம், முடிந்தபோதெல்லாம் நடுங்கள் என்றது இந்தோனேசிய அரசாங்கம். அப்புறம் என்ன, நெல் தூரில் சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சி இறங்கியது. புகையான் அடித்த வயலை நான் உங்களுக்கு விளக்க வேண்டுமா? காலையில் பார்த்தால் நடுவயலில் வட்டமாக ஒரு இடம் தீய்ந்து கிடக்கும், தூரை விலக்கினால் தண்ணீருக்குச் சற்று மேலே பழுப்பாக மொய்த்திருக்கும். மருந்து அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, 1980-களில் மறுபடி கோயில் கணக்குக்கே திரும்பினார்கள். இது பாடம் இல்லையென்றால் வேறு எது பாடம்?

பிலிப்பைன்ஸ் இஃபுகாவோ மலை வயல்கள் 1995-ல் பட்டியலில் ஏறி, பராமரிப்பு இல்லாமல் 2001-ல் ஆபத்துப் பட்டியலுக்குப் போய், 2012-ல் மீண்டன. சுற்றுலாக் கூட்டம் வந்ததால் மட்டும் வயல் பிழைக்காது, எதிரணிக்கு அதை விட்டுத்தருகிறேன். ஆனால் அங்கே வயலுக்கு மேலே முயோங் என்று குடும்பம் குடும்பமாகக் காடு வளர்க்கிறார்கள், கீழே ஊற்று வற்றாமல் இருப்பது அதனால்தான். பொதிகைக் காட்டை நம்பிக் குடிக்கிற நமக்கு இது தெரிய வேண்டாமா?

நம்மூர் சமவெளி, படிவயல் பாடம் நமக்கு எதற்கு என்று எதிரணி அக்கா கேட்டார்கள். அக்கா, கோடைமேலழகியானில் ஆரம்பித்து நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு இறங்குகிறதே, அது என்ன? தலைமடை, கடைமடைச் சண்டை நமக்கு இல்லையா? கார், பிசானம் என்று பருவம் வகுத்து, அறுப்பு முடிந்ததும் தாளில் ஆட்டுக்கிடை போட்டு, வாத்து மேய்த்தது நம் தாத்தாக்கள். பாலியிலும் அறுத்த வயலில் வாத்துதான் மேய்கிறது. அங்கே போய்ப் பார்த்த பையன் ஊருக்குத் திரும்பி, தாத்தா ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்பான். இங்கேயே இருந்தவன் கேட்கவில்லையே!

மணி அடித்துவிட்டார்கள், ஒரே ஒரு கேள்வி. வருகிற கார் பருவத்தில் ஒரே மடையில் ஒருத்தர் நடவுக்குத் தொளி கலக்குகிறார், பக்கத்தில் ஒருத்தர் நட்டு முடித்துவிட்டார், மூன்றாவது வயலில் கதிர் சாய்ந்து கிடக்கிறது. எலி எந்த வயலில் குடியிருக்கும்? அண்ணாச்சி எழுந்து வந்து இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் ஐயா அதற்கு அப்புறம் தீர்ப்பு எழுதட்டும்.