வயல் குறைந்தது, மாடு குறைந்தது. மீத்தேன் ஏன் கூடுகிறது? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். "சித்தூர் தாலுகாவில் நெல் வயல்கள் தென்னந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. வீட்டுக்கு வீடு இருந்த மாடும் இப்போது இல்லை. ஆனாலும் விவசாயத்தால் மீத்தேன் வாயு கூடிக்கொண்டே போகிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். அது எங்கே கூடுகிறது? எங்களுக்கும் அதில் பங்கு உண்டா?"

மீத்தேன் பூமியைச் சூடாக்கும் வாயு; தண்ணீர் தேங்கிய நெல் வயலிலும் மாட்டின் வயிற்றிலும் உண்டாகிறது. ஐயா, நீங்கள் கண்ணால் பார்த்தது உண்மைதான். கேரளத்தில் 1974-75இல் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இன்று அது 2 லட்சம் ஹெக்டேரை ஒட்டி நிற்கிறது. மாடுகள் 1996 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 34 லட்சம், 2019இல் 13.4 லட்சம். இன்றைய கலப்பினக் கறவை மாடு அன்றைய நாட்டு மாட்டைவிட அதிகம் தின்கிறது, அதனால் ஒரு மாட்டுக்கு வாயுவும் அதிகம். அதைச் சேர்த்துப் பார்த்தாலும், கேரளத்தின் நெல்லும் மாடும் விடும் மீத்தேன் முன்பைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் நாம் சோறு உண்பதை நிறுத்தவில்லையே! ஜெயா என்ற பெயரில் கேரளத்தார் விரும்பி வாங்கும் அரிசி ஆந்திரத்திலிருந்து, குறிப்பாகக் கோதாவரி மாவட்டங்களிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டுப் பால் வண்டிகள் எல்லையிலுள்ள மீனாட்சிபுரம் சோதனைச்சாவடியில் நின்று, பால் பரிசோதனை முடிந்து உள்ளே போகின்றன. நம் வயலில் எழ வேண்டிய குமிழி கோதாவரிக் கரை வயலில் எழுகிறது, அவ்வளவுதான். உங்கள் கேள்விக்கு என் பதிலின் மையம் இதுதான். எந்த வட்டாரத்தில் வாயு கூடியது, எங்கே குறைந்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. அங்கே விளைந்ததை யார் உண்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

குமிழி என்றேன். நட்டு ஒரு மாதமான வயலில், தண்ணீர் நிற்கும்போது இறங்கி, ஒரு காலை அழுத்தி வைத்துப் பாருங்கள். சேற்றுக்குள்ளிருந்து முத்து முத்தாகக் காற்று மேலே வரும். அதில் மீத்தேனும் இருக்கிறது. தண்ணீர் தேங்கிய மண்ணுக்குள் காற்று புகுவதில்லை. ஆக்சிஜன் தீர்ந்த பிறகு, அது இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் தாளிலும் தழையிலும் வேரிலுமிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. குமிழியாக வெளிவருவது சிறு பங்குதான். பெரும்பங்கு நெற்பயிரின் தண்டு வழியாகவே ஏறிப் போகிறது. வேருக்குக் காற்றை இறக்குவதற்காகப் பயிர் தனக்குள் வைத்திருக்கும் குழல்கள் அவை; மீத்தேனுக்கும் அதுவே வழியாகிவிடுகிறது. மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை: பலர் சாணத்தைத்தான் குறை சொல்கிறார்கள். அசைபோடும் மாட்டின் முதல் வயிற்றில் உண்டாகும் வாயு ஏப்பமாக வாய் வழியேதான் வெளியேறுகிறது.

உலகக் கணக்குக்கு வருவோம். 1999 முதல் 2006 வரை காற்றில் மீத்தேன் அளவு ஏறாமல் நின்றது. 2007இலிருந்து மீண்டும் ஏறுகிறது. மனிதர்களால் வெளியாகும் மீத்தேனில் சுமார் 40 சதவீதம் விவசாயத்திலிருந்து வருகிறது. அதில் மிகப் பெரிய பங்கு கால்நடைகளுடையது. ஐரோப்பாவில் வெளியாகும் மீத்தேன் குறைந்திருக்கிறது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அந்த நாடுகளில் மாட்டு மந்தைகள் சரிந்ததும் வாயு இறங்கியது. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஏறுகிறது. பிரேசிலில் 1990இல் சுமார் 14.7 கோடி மாடுகள். 2022இல் 23 கோடிக்கு மேல். அங்கே காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினார்கள். அந்த இறைச்சியில் பெரும்பங்கு உள்நாட்டில் உண்ணப்படுகிறது. மீதி சீனா முதல் ஐரோப்பா வரை கப்பலேறிப் போகிறது. இந்தியாவில் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ முக்கால் பங்கு விவசாயத்தினுடையது. இங்கும் கால்நடைதான் முதலிடம், நெல் அடுத்தது.

அப்படியானால் வயலை மூடியது நல்லதுதானே என்று சிலர் என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். வயலில் மண்ணைக் கொட்டி மனை போட்டவருக்குக் காலநிலையைக் காத்தவர் என்ற பட்டத்தைக் கொடுக்க நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். வயல் மழைநீரைத் தேக்கிக் கிணற்றுக்கு ஊற்றுக் கொடுக்கிறது. கேரளத்தில் 2008இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே இப்படி வயலை மூடுவதைத் தடுக்கத்தான். வயலை வைத்துக்கொண்டே மீத்தேனைக் குறைக்க வழி இருக்கிறது.

காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பெரியவர்கள் சொன்னதுதான் அந்த வழி. ஒரு அடி நீளப் பிவிசி குழாயில் கீழ்ப்பாதி முழுவதும் துளை போட்டு, அந்தப் பாதியை வயலுக்குள் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். மண்ணுக்கு மேலே தண்ணீர் மறைந்தாலும் குழாய்க்குள் தெரியும். மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும் வரை பொறுத்திருந்து, பிறகு நீர் கட்டலாம். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் காலமும் மட்டும் காயவிடக் கூடாது. இப்படிச் செய்தால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும். முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாது. சீனாவில் 1980களிலிருந்து விவசாயிகள் நடுப்பருவத்தில் வயலை வடியவிட்டு இப்படித்தான் நெல்வயல் மீத்தேனைக் கணிசமாகக் குறைத்தார்கள். தாளை மடக்கி உழுவதானால், தண்ணீர் கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே உழுதுவிடுங்கள். பச்சையாகச் சேற்றில் அமிழ்ந்தால் வாயு கூடும். யூரியாவையும் அளவோடு போடுங்கள். காய்ந்து நனையும் வயலில் மிச்ச யூரியா நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். பூமியைச் சூடாக்குவதில் அது மீத்தேனைவிடக் கொடியது.

உங்கள் பக்கத்து விவசாயியின் தயக்கமும் எனக்குத் தெரியும். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி, எல்லையிலுள்ள மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் சித்தூருக்கு வர வேண்டும். அடுத்த முறை எப்போது வரும் என்பது உறுதியில்லாதபோது, கடைமடைக்காரர் கையில் இருக்கும் தண்ணீரை எப்படி வடியவிடுவார்? கிடைத்த அன்றே வரப்பு வரை நிரப்பி வைத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வாய்க்காலில் முறை தவறாமல் தண்ணீர் வந்தால்தான் அந்தக் குழாய்க்கு வயலில் வேலை இருக்கும். ஐயா, உங்கள் வாய்க்காலில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள், உங்கள் நிலம் தலைமடையா கடைமடையா என்று எழுதுங்கள். எந்தெந்த நாளில் காயவிடலாம் என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.