அலகு மட்டும் போதாது, தோளையும் பாருங்கள்

வணக்கம், பெங்களூரு நேயர்களே.

ஆதிப்பறவைகளில் எது அதிகம் முன்னேறியது என்றால் பலரும் வாயைத்தான் பார்க்கிறார்கள். பல் இருந்தால் பழசு, அலகு இருந்தால் புதுசு. இந்தக் கணக்கு தப்பு. ஒரு கோழியை வைத்தே பார்த்துவிடலாம்.

சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் கோழி வாங்கும்போது துண்டு போடாமல் முழுசாகக் கேளுங்கள். தோள்மூட்டு அறுபட்டால் சோதனை நடக்காது. நெஞ்சின் நடுவே கத்தி விளிம்பு போல எலும்பு துருத்தி நிற்கும். அதை ஒட்டிக் கீறி, பெரிய நெஞ்சுக்கறியை விலக்கினால் அடியில் விரல்போல நீண்ட ஒரு தசை தெரியும். தோள்பக்கத்தைத் தொடாமல், மறுமுனையை மட்டும் எலும்பிலிருந்து பிரித்து, வால்பக்கமாக மெல்ல இழுங்கள். இறக்கை மேலே எழும்! கீழே கிடக்கும் தசை எப்படி மேலே தூக்குகிறது? அதன் வெள்ளைத் தசைநாண், தோளில் மூன்று எலும்புகள் கூடும் துளைக்குள் புகுந்து, கிணற்று ராட்டினக் கயிறு மாதிரித் திசை திரும்பி, இறக்கை எலும்பை மேலிருந்து பிடித்திருக்கிறது.

ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில் கிடைத்த, 15 கோடி ஆண்டு பழைய ஆதிப்பறவை ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கு இந்த ராட்டினம் இல்லை. சீனாவின் லியாவோனிங்கில் கிடைத்த கன்ஃபூசியசார்னிஸ், சுமார் 12.5 கோடி ஆண்டு. பல்லில்லாத அலகு, குறுகிய வால். பார்த்தால் இன்றைய பறவைதான். ஆனால் தோள்துளை முழுமையில்லை. கண்ணுக்குப் பின்னால் ஊர்வனவற்றின் எலும்புச் சட்டம் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸில் கிடைத்த பழம்பறவை இக்தியார்னிஸுக்கோ தாடையில் பல். தோளும் நெஞ்செலும்பும் மட்டும் கிட்டத்தட்ட நம் கோழியுடையவை. ஆக, காக்கைக்கு நெருங்கிய சொந்தம் இந்தப் பல்லுக்காரன்தான்.

பல் உதிர்வது பல கிளைகளில் தனித்தனியாக நடந்தது. ஓவிராப்டர் டைனோசருக்கும் பல் கிடையாது. கோழி நெஞ்சில் இருக்கும் கவட்டை எலும்பு வெலாசிராப்டர் டைனோசருக்கும் உண்டு. இவற்றை வைத்து உறவு சொன்னால் ஏமாந்துபோவோம்.

ஆய்வாளர்கள் 'முன்னேறியது' என்பது மூதாதையிடமிருந்து மாறியதைத்தான், உசத்தி என்ற பொருளில் இல்லை. அதையும் எலும்பு எலும்பாகத்தான் கேட்க வேண்டும். சீனாவின் ஃபூஜியனில் கிடைத்து 2025-இல் அறிவிக்கப்பட்ட பாமினார்னிஸ் என்ற ஆதிப்பறவையைப் பாருங்கள். ஆர்க்கியாப்டெரிக்ஸ் நீள வாலோடு திரிந்த காலத்தை ஒட்டியே இது வாலைக் குறுக்கிக்கொண்டது. தோளும் இடுப்பும் புதுசு. கை மட்டும் இன்னும் டைனோசர் கை.