ஆதித் திருச்சபை உருப்பெற்றது அந்தியோகியாவிலேயே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வேதத்தின்படி ஆதித் திருச்சபை உருப்பெற்றது எருசலேமிலா, அந்தியோகியாவிலா என்பது இன்றைய வழக்கு. எருசலேம் அணித் தலைவர் அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தை விரித்து, பெந்தெகொஸ்தே நாளில் சீடர்மேல் இறங்கிய அக்கினிமயமான நாவுகளையும் ஒரே நாளில் சேர்ந்த ஏறக்குறைய 3,000 பேரையும் காட்டி அமர்ந்திருக்கிறார். அந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கும் மெய்சிலிர்க்கும். ஆனால் அன்று பேதுருவின் பேச்சைக் கேட்டவர்கள் யார்? பல தேசங்களிலிருந்து வந்த யூதரும், யூத மார்க்கத்தைத் தழுவியவர்களும்தான். ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அவர்கள் தினந்தோறும் கூடியது எருசலேமின் யூத ஆலயத்தில். எல்லா இனத்தாருக்குமான சபையைப் பார்க்க வேண்டுமா? அதே நூலின் 11ஆம் அதிகாரம் 19ஆம் வசனத்துக்கு வாருங்கள்.

சபையின் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் கல்லெறியுண்டு இறந்தபின் எழுந்த உபத்திரவத்தால் சிதறியவர்களில் சிலர், சிரியா நாட்டு அந்தியோகியாவை அடைகிறார்கள். இன்று அது துருக்கியில் இருக்கிறது. வந்தவர்கள் வழக்கப்படி யூதரிடம் மட்டுமே பேச, சீப்புரு தீவாரும் சிரேனே பட்டணத்தாருமான சிலர் கிரேக்கரிடமும் பேசத் துணிகிறார்கள். அவர்களை எந்த அப்போஸ்தலரும் அனுப்பவில்லை; அவர்கள் பெயரைக்கூட நடபடிகளின் ஆசிரியர் லூக்கா எழுதவில்லை. செய்தி காதுக்கு எட்டிய பிறகுதான் எருசலேம் சபை பர்னபா என்பவரை அனுப்புகிறது. அவர் தர்சுவுக்குப் போய், பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுலைத் தேடி அழைத்துவர, இருவரும் ஒரு வருஷம் முழுவதும் அங்கே போதிக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியதும் அந்த ஊரில்தான்.

யூதரல்லாத ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டார் செசரியாவில் முன்பே ஞானஸ்நானம் பெற்றார்களே என்பீர்கள். பெற்றார்கள், மறுக்கவில்லை. அந்த ஒரு வீட்டுக்காகவே எருசலேம் பேதுருவை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டதே!

அந்தியோகியாவில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? 13ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் ஐந்து பேரைச் சொல்கிறது. சீப்புருவில் பிறந்த லேவியன் பர்னபா. நீகர் என்னப்பட்ட சிமியோன். வட ஆப்பிரிக்கச் சிரேனே ஊரானாகிய லூகி. பரிசேயனாக வளர்ந்த சவுல். இவர்களோடு மனாயீன், யோவான் ஸ்நானகனின் தலையை வெட்டச் சொன்ன ஏரோதுடன் கூட வளர்ந்தவன்! அரண்மனைப் பிள்ளை ஒருவன், சபையைச் சிதறடித்த முன்னாள் பகைவன் சவுலின் அருகில் அமர்ந்து உபவாசம் இருக்கிறான். பவுலின் முதல் ஊழியப் பயணம் புறப்பட்டதும் அந்தக் கூட்டத்திலிருந்துதான். திரும்பிவந்து கணக்கு ஒப்புவித்ததும் அதே சபையிடம்தான்.

பஞ்சம் வரப்போகிறது என்று தீர்க்கதரிசி அகபு முன்னறிவித்தபோது, யூதேயாவிலிருந்த சகோதரருக்கு அவரவர் திராணிக்குத் தக்கபடி பணம் சேர்த்து அனுப்பியதும் இந்தச் சபையே.

கலாத்தியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை எடுத்து, "உங்கள் அந்தியோகியாவில்தானே பேதுருவும் பவுலும் மோதிக்கொண்டார்கள்?" என்று எதிரணி குத்தலாம். தாராளமாகக் குத்துங்கள். யூதரல்லாத புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கடிந்துகொண்டார். யூதரும் கிரேக்கரும் கூடி உண்ட பந்தி ஒன்று அங்கே இருந்ததால்தானே, அதைவிட்டு எழுந்தது குற்றமாயிற்று? எருசலேமில் அப்படியொரு பந்தி எந்த வசனத்தில் இருக்கிறது? எதிரணியினர் எடுத்துக் காட்டட்டும், நடுவர் அவர்களே.