மூச்சு கேட்கும் தூரத்தில்

நேயர்களே, வணக்கம். பாம்பன் தீவில் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் முப்பது ஆண்டுகளாகப் பாடி வருகிறேன். நாங்கள் பாட்டுப் பதிவு செய்த கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நம் கரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விசைப்படகுகள் நங்கூரமிட்டுக் கிடக்கும்; வலை பின்னுவார்கள், பலகை மாற்றுவார்கள். மற்ற மாதங்களில் ஒத்திகைக்குப் பாதிப் பேர்கூடச் சேரமாட்டார்கள். கடலில் நிற்பவரை எப்படிக் கூப்பிடுவது? ஆண்குரல்கள் மொத்தமும் கரையில் இருப்பது அந்த இரண்டு மாதம்தான். ஆகவே பதிவை மே மாதத்தில் வைத்தோம். மாதா வணக்க மாதம் அது; தினமும் செபமாலை முடிந்ததும் கோயிலிலேயே தங்கிவிடுவோம்.

கோயிலில் ஏன் பதிவு செய்தோம் என்று கேட்பீர்கள். அதற்கு முன் ஒருமுறை நகரத்தில் ஒரு பதிவுக்கூடத்துக்குப் போயிருந்தோம். கண்ணாடி அறைக்குள் ஒவ்வொருவராகப் போக வேண்டும். காதில் ஹெட்போன், அதில் தாளத்துக்கு ஒரு டிக் டிக். பாட்டு பிசிறில்லாமல் வந்தது. வீட்டில் போட்டுக் காட்டினேன். என் தாயார் கடைசிவரை கேட்டுவிட்டு, "இதில் நம் ஊர் ஆட்கள் எங்கேயப்பா?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு இன்றும் ஆறவில்லை.

கோயிலில் பீடத்துக்கு முன்னால் இரண்டே மைக். கச்சான் காற்று இரைவதால் சன்னல்களை அடைத்தோம். மின்விசிறி ஓசை பதிவாகும் என்பதால் அதையும் நிறுத்தினோம். வியர்வையில் பாட்டுப் புத்தகமே நனைந்துவிட்டது. எங்கள் குழுவில் ஒரு மாமா இருக்கிறார். படகில் காற்றை மீறிக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை. அவர் ஒருவரே மைக்கை நிறைத்துவிடுவார். பதிவு செய்ய வந்த தம்பி, "ஐயா, ஒன்றரை மீட்டர் பின்னால் போங்கள்" என்றார். மாமா அரை அடி நகர்ந்தார். நான், "மாமா, ஒரு பாகம் பின்வாங்குங்கள்" என்றேன். பாகம் என்றால் இரு கைகளையும் விரித்த நீளம்; கடலின் ஆழத்தை அப்படி அளந்தவர் அல்லவா, சரியாகப் போய் நின்றார். போதவில்லை, இன்னொரு பாகம், பிறகு இன்னொன்று. மூன்று பாகம் தள்ளி நின்று பாடத் தொடங்கியவர், நடுவில் நிறுத்திவிட்டார். என்ன என்று கேட்டோம். "பெண்கள் வேறு மெட்டில் அல்லவா பாடுகிறார்கள்! இத்தனை வருடம் இது என் காதில் விழவே இல்லையே" என்றார். கண் கலங்கியிருந்தது. அடுத்த முறை பாதிக் குரலில்தான் பாடினார். நாங்களும் தணிந்தோம். பக்கத்தில் நிற்பவர் மூச்சு இழுப்பது கேட்டது. அந்த மூச்சுதான் எங்களுக்குத் தாளம், டிக் டிக் தேவைப்படவில்லை.

இன்னொன்று, எதிரொலி. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். பின்சுவர் பதினேழு மீட்டர் தள்ளி இருந்தால், பாடியது பத்தில் ஒரு நொடியில் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் ஏறும். வேகமான பாட்டுகள் குழம்பின, நிதானமானவை விரிந்தன. ஆகவே வேகத்தைக் குறைத்தோம். கேட்டுக்கொண்டிருக்கும் பாடகர் குழுவினரே, ஒன்று சொல்கிறேன்: ஒன்றாக நின்று பாடுங்கள். தனித்தனியாகப் பாடி ஒட்டாதீர்கள்.

நேரமாகிவிட்டது, கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பெரிய வெள்ளியின் துயரப் பாடல்களான வியாகுலப் பாடல்களைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் தந்தது. அதற்கு முன், பூசை லத்தீனில் நடந்த காலத்திலும், நம் பெண்கள் தமிழில் பாடி அழுத பாடல்கள் அவை. எங்கள் தெருவில் அவற்றை அறிந்த பாட்டிமார் இருவர்தான் இருக்கிறார்கள். ஒருவர் அடியெடுத்தால்தான் மற்றவருக்கு அடுத்த அடி நினைவுக்கு வருகிறது. அவர்களை எப்படித் தனித்தனி அறையில் நிறுத்துவது? வரும் தடைக்காலத்தில் இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பதிவு செய்யப் போகிறோம். வணக்கம்.