சைக்கிள் பிரேக்குக்கு மின்சாரம் எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் மின்னணு ஏற்பாட்டுக்கு ஏபிஎஸ் என்று பெயர். 1978இல் ஜெர்மனியில் கார்களுக்கு அது வந்தது. பத்து ஆண்டு கழித்து அங்கேயே மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு அது கட்டாயம். அடுத்தது சைக்கிள்தானே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மின்னணு பிரேக் என்ற பெயரில் இரண்டு வேறு சமாச்சாரங்கள் உலாவுகின்றன. கையிலிருந்து சக்கரம்வரை போகும் பிரேக் ஒயரையே எடுத்துவிட்டு மின்சாரத்தை நம்புவது ஒன்று. பிரேக்கை அப்படியே விட்டுவிட்டு, மேற்பார்வைக்கு மட்டும் ஒரு கருவியை வைப்பது இன்னொன்று. முதலாவது வேண்டாத வேலை, இரண்டாவது சிலருக்கு நிச்சயம் உதவும் என்பது என் கட்சி.

முதலாவதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். 2011இல் ஜெர்மனியின் ஸார்லாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹோல்கர் ஹெர்மன்ஸ் குழுவினர் ஒரு சைக்கிளை உருவாக்கினார்கள். அதில் பிரேக் லீவர் கிடையாது, ஒயரும் கிடையாது. வலது கைப்பிடியின் ரப்பரை இறுக்கிப் பிடித்தால், உள்ளே இருக்கும் சென்சார் அந்த அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். முன்சக்கரத்தில் இருக்கும் மோட்டார் அதை வாங்கி டிஸ்க் பிரேக்கைப் பிடிக்கும். நம்பகத்தன்மை 99.999999999997 சதவீதம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வாசிக்கவே மூச்சு வாங்குகிறது. அவர்கள் இதைச் செய்தது சைக்கிள் ஓட்டுபவரின் குறை தீர்க்க அல்ல. ரயில், விமானம் போன்ற இடங்களில் கம்பியில்லாச் செய்தித் தொடர்பை எவ்வளவு நம்பலாம் என்று ஆராய, கைக்கு அடக்கமான சோதனைப் பொருளாக சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். அந்த அளவில் அருமையான வேலை. ஆனால் பிடித்த பிடி சக்கரத்துக்குப் போய்ச் சேர 250 மில்லிசெகண்ட் ஆனது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் அதற்குள் இரண்டு மீட்டர் தாண்டியிருப்பார். சாதாரண ஒயரில் இந்தத் தாமதமே இல்லை.

ஒயருக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. அது பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் அறுகிறது. இழை இழையாகப் பிரியும், லீவர் தளரும், வழக்கத்தைவிட அதிகமாக இழுக்க வேண்டியிருக்கும். கவனமாக ஓட்டுபவருக்குக் கை முன்கூட்டியே சொல்லிவிடும். மின்னிணைப்பில் பழுது வந்தால் கைக்கு அப்படி எதுவும் தெரியாது.

கியரை மின்சாரத்தில் மாற்றுகிறார்களே என்று கேட்கலாம். ஷிமானோ நிறுவனத்தின் டிஐ2 என்ற மின்சார கியர் வந்தது 2009இல். இன்று பந்தய சைக்கிள்களில் அது சர்வ சாதாரணம். சரி, பாட்டரி தீர்ந்தால் என்ன ஆகும்? ஒரே கியரில் முக்கி முனகி வீடு போய்ச் சேரலாம். இறக்கத்தில் பிரேக்குக்குச் சார்ஜ் இல்லை என்றால் கதையே வேறு. மின்சாரத்தில் கியர் மாற்றும் அதே சைக்கிள்களில்கூடப் பிரேக்கை எண்ணெய்க் குழாயோ ஒயரோதான் இயக்குகிறது.

அடிப்படையில் சைக்கிள் பிரேக்குக்குப் பலம் போதாமல் இல்லை. டன் கணக்கில் எடையுள்ள காரை நிறுத்தக் காலின் அழுத்தம் மட்டும் போதாது. ஆளும் சைக்கிளும் சேர்ந்தால் 100 கிலோ வருமா? நல்ல பிரேக் என்றால் அதற்கு இரண்டு விரல் போதும். போதும் என்ன, ஆளையே கவிழ்த்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில், வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டினாலே பின்சக்கரம் தரையை விட்டு எழும். "முன் பிரேக்கைத் தொடாதே, தலைகுப்புற விழுவாய்" என்று சொல்லித்தானே நமக்குச் சைக்கிள் கற்றுத் தந்தார்கள்! அதன் விளைவு, பலர் ஆயுள் முழுக்கப் பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுகிறார்கள். பிரேக் பிடித்தவுடன் எடை முன்னால் சாய்கிறது. பின்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைந்து சறுக்குகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த சாலையில், முன் பிரேக்கை அளவாகப் பிடித்தால் சுமார் 5 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் ஏறக்குறைய 10 மீட்டர்.

ஏபிஎஸ் உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான். 2017இல் பாஷ் நிறுவனம் மின்சார சைக்கிளுக்கான ஏபிஎஸ்ஸை அறிமுகப்படுத்தியது. பிரேக் மகுரா நிறுவனத்துடையது. இரண்டு சக்கரத்திலும் வேகத்தை அளக்கும் சென்சார் இருக்கும். முன்சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது, அல்லது பின்சக்கரம் தூக்கப் போகிறது என்று தெரிந்தால், முன் பிரேக்கின் எண்ணெய் அழுத்தத்தை அது நொடிக்குள் குறைத்து மறுபடி ஏற்றும். ஏபிஎஸ்ஸில் பழுது வந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். பழுது வந்தாலும் சரி, மின்சாரமே போய்விட்டாலும் சரி, பிரேக் சாதாரண பிரேக்காக வேலை செய்யும். எனக்குப் பிடித்தது இந்த ஏற்பாடுதான். பிரேக் பிடிப்பது அப்போதும் உங்கள் கைதான். 2022இல் அளவு சிறுத்த அடுத்த தலைமுறை வந்தது. 25 கிலோ எடையுள்ள மின்சார சைக்கிளில் வயதான காலத்தில் ஏறுபவர்களுக்கும், முன்பெட்டியில் குழந்தைகளை வைத்து ஓட்டுபவர்களுக்கும், ஈர இலை கிடக்கும் ஐரோப்பியச் சாலைகளில் போகிறவர்களுக்கும் அது காசுக்குத் தகுந்த பொருள். சில இடங்களில் நிற்கும் தூரம் கொஞ்சம் கூடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். விழாமல் நிற்பதுதான் அதன் நோக்கம்.

பாட்டரியே இல்லாத சாதாரண சைக்கிளுக்கு இதெல்லாம் வேண்டாம். இரும்பு ரிம்மில் மழைத்தண்ணீர் பட்டால் பிரேக் கட்டை வழுக்கும் என்பது நம் ஊரில் தெரியாதவர் இல்லை. அந்தக் குறைக்கு அலுமினிய ரிம்மும் புது பிரேக் கட்டையும் போதும்.

பிரேக் பிடித்தால் பாட்டரி சார்ஜ் ஆகுமாமே என்ற ஆசையும் பலருக்கு உண்டு. 100 கிலோ எடை, 25 கிலோமீட்டர் வேகம். நிற்கும்போது கிடைக்கக்கூடிய மொத்த ஆற்றலே 0.67 வாட் மணிதான். 400 வாட் மணி பாட்டரியில் அது எந்த மூலைக்கு? மலை இறக்கத்தில் வேண்டுமானால் பயன் தெரியும். அதற்கும் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும், கியர் இல்லாத ஹப் மோட்டார் வேண்டும். பெடல் பக்கத்தில் மோட்டார் வைத்த சைக்கிளில், ஃப்ரீவீல் தனியாகச் சுற்றிவிடுவதால் சக்கரத்தின் சுழற்சி மோட்டாருக்கு வந்து சேராது.

மின்சார சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மிகச் சின்ன மின்னணு சமாச்சாரம், ஆனால் எனக்கு ஏபிஎஸ்ஸைவிட முக்கியம்: லீவரில் இருக்கும் கட்-ஆஃப் சுவிட்ச். ஹப் மோட்டார் உள்ள சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, த்ராட்டிலைத் திருப்பி, லீவரை லேசாகத் தொட்டுப் பாருங்கள். மோட்டார் அந்த நொடியே ஓய வேண்டும். இடது லீவரையும் வலது லீவரையும் தனித்தனியே சோதியுங்கள். ஏதாவது ஒன்றில் மோட்டார் நிற்காமல் சுற்றினால், சரிசெய்து தரும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.